சிவநேசன் அவுஸ்திரேலியா போறதோ, விடுறதோ

1

சிவநேசன் எண்டு ஒரு ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிப்போடுறன். ஏனெண்டா இஞ்சை கனடாவில, ஸ்காபரோவில, மார்க்கத்தில, அஜக்ஸில கனபேர் அந்த மனிசனுக்காக இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கினம். பூமணி அன்ரி அவருக்காகக் கோயிலில அர்ச்சனைகூடச் செய்விச்சவா. நட்சத்திரம் என்ன எண்டு கேட்டு எனக்குப் போன் அடிச்சா. நான் என்ன செய்யிறது? என்ரை நட்சத்திரத்தையே சொல்லிவிட்டன்.

இது தொடங்கினது போன மாசியில ஒரு சனிக்கிழமை. வாசலில கிடந்த ஸ்நோவை ஒரு மணித்தியாலம் வழிச்சன். வழிச்சு முடிச்சு நிமிர, நகரசபை வண்டி வந்து ரோட்டில கிடந்ததையெல்லாம் திரும்ப என்ரை வாசலில தள்ளிப்போட்டுப் போகுது. இருபத்தாறு வருசமா அந்த வண்டி இதைத்தான் செய்யுது, இருபத்தாறு வருசமா நானும் அதைப் பாத்துப் பேசிக்கொண்டு தான் நிக்கிறன். நாரி நோக இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு உள்ள வந்து சப்பாத்தைக் கழட்ட, மனிசி வதனி குசினியிலயிருந்து சொன்னா:

"இஞ்சாருங்கோ, நான் அவுஸ்திரேலியாவுக்கு அப்ளை பண்ணப் பாக்கிறன்."

வதனி இஞ்சை ஒரு ஆஸ்பத்திரியில நேர்ஸ். அவவின்ரை ஒரே அக்கா, தேவி அக்கா, மெல்பேணில இருக்கிறா. போன வருசம் அத்தான் செத்துப்போனதிலயிருந்து தனிய. பிள்ளையளும் இல்லை. அங்கை நேர்ஸ்மாருக்கு நல்ல கிராக்கியாம். ஆனால் நாப்பத்தஞ்சு வயசு தாண்டினால் கதவைச் சாத்திப்போடுவாங்களாம். வதனிக்கு வாற கார்த்திகையில நாப்பத்தஞ்சு.

"நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ" எண்டா.

கலியாணம் முடிச்சு இருபத்திரண்டு வருசத்தில அவ என்னை யோசிக்கச் சொன்னது அது தான் முதல் தரம். மற்றதெல்லாம் அவவே யோசிச்சு எனக்குச் சொல்லுறது. 

பின்னேரம் ரெண்டு பேரும் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து புள்ளி பாத்தம். படிப்புக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு, வயசுக்கு இவ்வளவு எண்டு வதனிக்குப் புள்ளியள் ஏறிக்கொண்டே போகுது.

"எனக்கு எத்தினை?" எண்டு கேட்டன்.

"உங்களுக்குப் புள்ளி இல்லையப்பா. நீங்கள் என்னோட வாறீங்கள்."

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னம் நான் தான் அவவைக் கூப்பிட்டனான். ஒரு பெரிய குளிர்ச்சட்டையைக் கையில வைச்சுக்கொண்டு எயாப்போட்டில நிண்டு, இது தான் கனடா, இப்பிடித்தான் பட்டன் பூட்டுறது எண்டு காட்டிக் குடுத்த ஆள் நான். இப்ப அவ பிரதான விண்ணப்பதாரி, நான் தங்கி வாழ்பவர். போமில அப்பிடித்தான் போட்டிருக்கு.

2

ஊரில இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட ஆக்கள் வெளிநாடு போறதை வெளியில சொல்லாயினம். வாய் விட்டால் காரியம் கெட்டுப்போகும். நான் வெளிக்கிட்ட அண்டைக்கு எதிர்வீட்டு மாமி படலையடியில நிண்டு, "எங்கை தம்பி பெட்டியோட?" எண்டு கேட்டவா. "கொழும்புக்கு மாமி, கண் காட்ட" எண்டன். கண் காட்டப் போன ஆள் இன்னும் திரும்பிப் போகேல்லை. பாவம், மாமி இப்பவும் போனில வந்தால் முதலில கண்ணைத்தான் விசாரிப்பா.

அதனால வதனியும் நானும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்தம். மகள் ஆரணிக்கும் இல்லை. அவள் இருபது வயசு, யூனிவேர்சிற்றியில படிக்கிறாள். அவளின்ரை போனுக்குள்ள ஒண்டு போனால் பிறகு உலகம் முழுக்கப் போனது தான்.

ஆனால் எங்கட சனத்தால நாலு பேரைக் கேக்காமல் ஒரு பிரிஜ் கூட வாங்கேலாது. நாடு மாறுறதை ஆரையும் கேக்காமல் என்னெண்டு முடிவெடுக்கிறது? இதுக்கு எங்களிட்டை ஒரு வழி இருக்கு. "எனக்கில்லை, தெரிஞ்ச ஒராளுக்கு" எண்டு கேக்கிறது. கொலஸ்ட்ரோல் கூடினாலும், மகள் வெள்ளைக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாலும், அதெல்லாம் தெரிஞ்ச ஆளுக்குத்தான் நடக்கும். கனடாவில இருக்கிற ஆள் எண்டு சொன்னால் அரை மணித்தியாலத்தில கண்டுபிடிச்சிடுவினம். எனவே நான் லண்டனைப் பிடிச்சன்.

முதலில குணம் அண்ணையைக் கேட்டன். வந்த புதுசில நானும் அவரும் ஒரே பேஸ்மென்ற்றில இருந்தனாங்கள். இப்ப அவர் அஜக்ஸில தனிய. மனிசி செத்து அஞ்சு வருசம், பிள்ளையள் ஒஷாவாவுக்கு அங்காலை போயிட்டினம். சனிக்கிழமை காலமை ரெண்டு பேரும் ஒரு கோப்பிக் கடையில சந்திக்கிறது வழக்கம். அண்ணைக்குத் தொழில் கார் பழக்கிறது. அவற்றை காரில ஏறுற பிள்ளை ஸ்டியரிங்கை விட்டு ஓடேலாது, ஒரு மணித்தியாலத்துக்கு அவர் சொல்லுறதைக் கேட்டே ஆகவேணும். அதனால அண்ணையிட்டை ஒண்டு சொன்னால் ரொறன்ரோ முழுக்கச் சொன்ன மாதிரித்தான்.

"அண்ணை, லண்டனில எங்கட சொந்தக்காரர் ஒராள். அவுஸ்திரேலியாவுக்குப் போறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அண்ணை டோனட்டைக் கீழ வைச்சார். "ஆர் ஆள்?"

"சிவநேசன்."

"எந்த ஊர்?"

இந்தக் கேள்வி வரும் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். "தாய் வழி வட்டுக்கோட்டை. தகப்பன்ரை ஆக்கள் கனகாலம் கொழும்பில."

"வட்டுக்கோட்டையில எவடம்?"

"அண்ணை, ஆள் அவுஸ்திரேலியா போறதோ விடுறதோ?"

"பொறடாப்பா. ஆரெண்டு தெரியாமல் நான் என்னெண்டு சொல்லுறது?"

பொய் சொல்லத் தெரியாத ஆள் பொய் சொன்னால், உண்மையைத்தான் கொஞ்சம் திருப்பிப் போடுவான். சிவநேசனுக்கு ஐம்பத்திமூண்டு வயசு குடுத்தன். மனிசியை நேர்ஸ் ஆக்கினன். மனிசியின்ரை அக்காவை மெல்பேணில தனிய இருத்தினன். எல்லாம் என்ரை வீட்டிலயிருந்து எடுத்தது தான். ஒண்டை மட்டும் மாத்தினன்.

"ஆளுக்குப் போக விருப்பம் அண்ணை. மனிசி தான் பின்னடிக்கிறா."

அது ஏன் அப்பிடி வாயில வந்தது எண்டு எனக்கே தெரியாது எண்டு இதில எழுதலாம். ஆனால் எனக்குத் தெரியும்.

3

ரெண்டு கிழமை போகேல்லை. தமிழ்க் கடையில நான் கறிவேப்பிலை தெரிஞ்சுகொண்டு நிக்க, முன்பின் பெரிசாக் கதைச்சிராத ஒருத்தர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து மறிச்சார்.

"நாதன் அண்ணை, உங்கட லண்டன் ஆளை ஏன் அவுஸ்திரேலியாவுக்கு விடுறியள்? இஞ்சை கூப்பிடுங்கோவன்."

"இஞ்சை நல்லம் எண்டுறியளோ?"

"நல்லமோ எண்டோ?" அவருக்குக் கோவமே வந்திட்டுது. "ஆறு மாசம் குளிர். டொக்டரிட்டைப் போனால் விடிய இருந்து பொழுதுபடும் வரைக்கும் கதிரையில இருக்கவேணும். 401 ஹைவேயில போனால் பாதி ஆயுள் காருக்குள்ளயே போகுது. பிள்ளையளுக்கு வீடு எண்டது கனவு. வேலைக்குப் போனால் ஊரில படிச்சது செல்லாது எண்டுறான்." கொஞ்சம் நிண்டு மூச்சு எடுத்தார். "எண்டாலும் அண்ணை, கனடா மாதிரி வருமோ?"

பிறகு வந்ததுக்குக் கணக்கில்லை. அங்கை சப்பாத்துக்குள்ள சிலந்தி இருக்குமாம், தட்டிப்போட்டுத்தான் போடவேணுமாம். வெயில் தோலை உரிக்குமாம். தைப்பொங்கலுக்கு நல்ல வெக்கையாம், உண்மையான பொங்கல் மாதிரியே இருக்குமாம். மெல்பேண் சனம் கொஞ்சம் எடுப்பாம், பெருமை கூடவாம். இதைச் சொன்னவர் தன்ரை சொந்தத் தங்கச்சியை வைச்சுத்தான் சொன்னவர். ஒருத்தர் தன்ரை மகனுக்குச் சிவநேசன்ரை மகளைக் கேட்டார், சாதகத்தை வட்ஸ்அப்பில அனுப்பட்டாம். வட்டுக்கோட்டைக்காரர் ரெண்டு பேர் சிவநேசன் தங்களுக்கும் சொந்தம் எண்டு என்னட்டையே வந்து விளங்கப்படுத்தினவை. அவை சொன்ன வழியைப் பாத்தால் எனக்கும் அது சரி மாதிரித்தான் கிடந்தது.

உச்சம் என்னெண்டால், ரிட்டயர் ஆன ஒரு அங்கிள் சிவநேசனை நேரில சந்திச்சவராம்.

"லண்டன் ஈஸ்ற்ஹாமில ஒரு கலியாண வீட்டில கண்டனான். முன் தலை கொஞ்சம் வழுக்கை, என்ன?"

என்ரை கை தன்பாட்டில என்ரை தலைக்குப் போச்சு. "ஓம் அங்கிள், கொஞ்சம்."

"நல்ல மனிசன். ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. ஆனால் தம்பி, சரியான பயந்த ஆள்."

அங்கிளின்ரை புளுகுக்கு நான் சிரிச்சிருக்க வேணும். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

4

ஆரணி ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் ஊத்தை உடுப்போட வருவாள். கூட்டாளியளோட டவுன்ரவுனில இருக்கிறாள். நாங்கள் போன் எடுத்தால் "ஐம் ஃபைன் அப்பா, பை" எண்டு முடிஞ்சிடும். ஒருநாள் ட்ரையருக்குப் பக்கத்தில நிண்டு உடுப்பு மடிச்சுக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, ஹூ இஸ் திஸ் சிவநேசன் அங்கிள்? எல்லாரும் என்னட்டைக் கேக்கினம்."

"தூரத்துச் சொந்தம்."

"ஹிஸ் கிட்ஸ்?"

"ஒரு மகள். யூனிவேர்சிற்றியில. அவளை விட்டிட்டுப் போறதோ எண்டும் அவருக்கு யோசனை."

"ஷீ'ல் பீ ஃபைன்." ஒரு சட்டையை மடிச்சாள். "ஐ மீன், கொஞ்ச நாள் அழுவாள். பட் ஷீ'ல் பீ ஃபைன்."

"அழுவாளோ?"

"அஃப் கோர்ஸ் அழுவாள்! ஷீ இஸ் நொட் எ மொன்ஸ்ரர், அப்பா."

நான் ட்ரையருக்குள்ள தலையை விட்டுச் சொக்ஸ் தேடினன். ஒரு சொக்ஸும் அதுக்குள்ள இல்லை. ஆனால் வெளியில தலையை எடுக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேணுமாயிருந்தது. பெட்டையின்ரை வாயால இப்பிடி ஒரு சொல் கேட்டு எத்தினை வருசம்!

அடுத்த சனிக்கிழமை குணம் அண்ணை கேட்டார், "டேய், அந்தச் சிவநேசனுக்கு உண்மையில என்ன தான் பிரச்சினை?"

எனக்கு என்ன பிடிச்சுதோ தெரியேல்லை, கொட்டத் தொடங்கினன். "அண்ணை, அவர் ஊரில ரியூட்டரியில கணக்கியல் படிப்பிச்ச ஆள். உள்ள போனால் அம்பது பிள்ளையள் எழும்பி நிக்கும். இஞ்சை, அதாவது லண்டனில, வந்து ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினவர். பத்தொன்பது வயசுப் பொடி ஒண்டு விரலைச் சொடுக்கித்தான் அவரைக் கூப்பிடும். அவற்றை பேர் என்ன எண்டு அந்தப் பொடி கடைசி வரைக்கும் கேக்கேல்லை. இப்ப பெட்டி செய்யிற பக்டரியில பன்னிரண்டு பேருக்கு மேல நிக்கிறார். காலமை போனால் எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கள். அவ்வளவு தான் அவருக்கு இருக்கிறது. திரும்பவும் பேரில்லாத ஆளாப் போய் நிக்க அவருக்குப் பயம் அண்ணை."

"மனிசி பின்னடிக்கிறா எண்டெல்லோ சொன்னாய்?"

"அதுவும் தான்."

 அண்ணை கோப்பியைக் குடிச்சு முடிச்சு, கோப்பையை நசுக்கிக் குப்பையில போட்டிட்டு, கிளாஸுக்கு நேரமாகுது எண்டு எழும்பினார். அவ்வளவு கெதியில அவர் வாயை மூடி நான் ஒருநாளும் கண்டதில்லை.

5

வைகாசியில மார்க்கத்தில ஒரு மண்டபத்தில பிறந்தநாள் விருந்து. மத்தியானச் சாப்பாடு. நான் கையில ரோல்ஸோட நிக்கிறன், அடுத்த மேசையில பூமணி அன்ரி வதனியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா. அன்ரி மெதுவாக் கதைச்சாலும் மண்டபத்துக்கு மைக் தேவையில்லை.

"உங்கட சிவநேசன்ரை மனிசி என்ன பொம்பிளை பிள்ளை? கூடப் பிறந்த அக்கா புருசனும் இல்லாமல் மெல்பேணில தனியக் கிடக்கிறாவாம். அந்த மனிசன் போவம் எண்டு கெஞ்சுதாம். இவ மாட்டன் எண்டு நிக்கிறாவாம்! நெஞ்சில ஈரம் இல்லையோ?"

வதனி என்னைத் திரும்பிப் பாத்தா. ரோல்ஸ் என்ரை வாயில அப்பிடியே நிண்டுது.

"ஓம் அன்ரி" எண்டா சிரிச்சுக்கொண்டு. "நானும் கேள்விப்பட்டனான். சரியான கல்நெஞ்சுக்காரி."

மார்க்கத்திலயிருந்து ஸ்காபரோவுக்கு இருபது நிமிசம்.  நான் ரெண்டு தரம் தேவையில்லாமல் சிக்னல் போட்டன். வீட்டை வந்து அவ தேத்தண்ணி ஊத்தினா, எனக்கு முன்னால ஒண்டை வைச்சா, எதிர்க் கதிரையில இருந்தா.

"சிவநேசன் எப்பிடி, சுகமா இருக்கிறாரோ?"

"ஓம். இருக்கிறார்."

"மனிசி பின்னடிக்கிறா எண்டு ஏன் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறார்?"

"அவருக்கு வெக்கம்."

"என்னத்துக்கு?"

"தனக்குத்தான் பயம் எண்டு சொல்ல."

அவ கோப்பையைச் சுத்திக்கொண்டிருந்தா. "என்ன பயம் அவருக்கு?"

குணம் அண்ணைக்குச் சொன்னதெல்லாத்தையும் திரும்பச் சொன்னன். விரல் சொடுக்கின பொடியைப் பற்றி நான் அவவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. வந்த காலத்தில நான் எழுதின கடிதங்களில எல்லாம் உணவு முகாமைத்துவத்தில இருக்கிறன் எண்டு தான் எழுதினது.

வதனி கேட்டு முடிச்சிட்டுச் சொன்னா, "அப்ப அவற்றை மனிசியைப் பற்றி நான் சொல்லட்டோ? அவவின்ரை அம்மா செத்த நேரம் ஊரில சண்டை, யாழ்ப்பாணப் பாதை பூட்டு. கையில குழந்தை. அவவால போகேலாமல் போச்சு. அக்கா தான் தனிய நிண்டு எல்லாம் செய்தவா. பிறகு போனில, நீ யோசியாதை, உனக்கும் சேத்து நான் கும்பிட்டனான் எண்டு சொன்னவா." கோப்பையைத் தள்ளி வைச்சா.  "இப்ப அத்தானும் இல்லை. எண்டாலும் அக்கா ஒருநாளாவது வா எண்டு கேக்கிறாவோ? இல்லை. ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, என்ன சமைச்சனி எண்டு கேப்பா. தான் என்ன சமைச்சது எண்டு சொல்லமாட்டா. தனி ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது எண்டு விட்டிட்டா போல."

வதனி கதிரையை முன்னுக்கு இழுத்தா.

"சிவநேசன்ரை மனிசிக்கு அவர் கோப்பை கழுவினதில ஒரு வெக்கமும் இல்லை. அவர் கழுவின கோப்பையில தான் அவ நேர்சிங் படிச்சவா. அங்கை போய் அவர் சும்மா வீட்டில இருந்தாலும் அவவுக்குச் சரி. அவவுக்கு ஒண்டில மட்டும் தான் கோவம். பயம் எண்டால் தனக்குச் சொல்லாமல், கோப்பிக் கடையில போய்ச் சொல்லியிருக்கிறார்."

"போவம் வதனி."

"ஆர் சொல்லுறது? சிவநேசனோ, நீங்களோ?"

"நான் தான். எனக்குப் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் போவம்."

அவ சிரிக்கத் தொடங்கி, சிரிச்சுக்கொண்டே அழுதா. தேத்தண்ணி ஆறிப்போச்சு, திரும்பச் சூடாக்கிக் குடிச்சம்.

போம் நிரப்பினது ஒரு தனிக் கூத்து. பத்து வருசத்தில எங்கெங்கை இருந்தனீர், எந்த நாட்டுக்கு எந்தத் திகதியில போனீர், ஏன் போனீர்? நயாகராவுக்கு அங்காலை அமெரிக்கப் பக்கம் நிண்டு படமெடுத்ததுக்கும் திகதி வேணுமாம். நடுவில ஒரு கேள்வி, நீர் எப்பவாவது வேற பேரில அறியப்பட்டிருக்கிறீரோ எண்டு. நான் வதனியைப் பாத்தன்.

"உண்மையை எழுதுங்கோவன்" எண்டா.

'இல்லை' எண்டதுக்கு நேரை தான் அமத்தினன். எண்டாலும் கை கொஞ்சம் நிண்டுது.

6

விசா ஐப்பசியில வந்தது. ஆரணிக்குச் சொன்னம். சொன்ன மாதிரியே அழுதாள். பிறகு, "வெயிட், சோ தெயர் இஸ் நோ சிவநேசன் அங்கிள்?" எண்டு அதுக்கும் அழுதாள்.

மிச்சம் குணம் அண்ணை. போன சனிக்கிழமை காலமை கோப்பிக் கடைக்குப் போகேக்க காருக்குள்ள நாலு தரம் சொல்லிப் பாத்தன். ஒண்டும் சரிவரேல்லை. கடைசியில பழைய வழியாலயே போனன்.

"அண்ணை, சிவநேசன் போறதெண்டு முடிவெடுத்திட்டார். விசாவும் வந்திட்டுது."

அண்ணை கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் கோப்பிக்குச் சீனி போடுறேல்லை.

"எப்பவாம்?"

"தை முடிய."

சட்டைப் பையிலயிருந்து டயறியை எடுத்தார். ஆர் ஆருக்கு எப்ப கிளாஸ் எண்டு எழுதிற டயறி. அடுத்த வருசத்துப் பக்கத்தைப் புரட்டினார். "தை முடிய எண்டால் எந்தக் கிழமை? அண்டைக்கு ஒருத்தருக்கும் நான் கிளாஸ் வைக்கேல்லை. எயாப்போட்டுக்கு நான் தான் ஏத்திக்கொண்டு போவன். வேற ஆரையாவது கேட்டியோ, தெரியும்."

"லண்டன் எயாப்போட்டுக்கோ அண்ணை?"

"அடேய் விசரா" எண்டார்.

எனக்குக் காதெல்லாம் சூடாப் போச்சு. "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். நீ பொய் சொல்லேக்க காதைச் சொறிவாய். பேஸ்மென்ற்றில ரெண்டு வருசம் ஒரே அறையில கிடந்தவனுக்கு இது தெரியாதோ?"

"பிறகேன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சிவநேசனைப் பற்றி எல்லாருக்கும் சொன்னனான். உன்னைப் பற்றி ஏன் சொல்லுறன்?" கரண்டியை மேசையில வைச்சார். "நீ போனால் சனிக்கிழமையில எனக்கு ஒருத்தரும் இல்லையடா. உன்னை மறிக்கிறதெண்டால் ஒண்டும் பெரிசாச் செய்யத் தேவையில்லை. ஒரு ஆளுக்கு வாய் விட்டிருந்தால் காணும், உன்ரை அலுவல் குழம்பியிருக்கும். எட்டு மாசம். எத்தினை பேரை ஏத்தி இறக்கினன், எவ்வளவு நேரம் சிவப்பு லைட்டில நிண்டன். வாய் திறக்கேல்லை."

ஒரு ரகசியத்தை மத்தியானம் வரைக்கும் வைச்சிருக்கத் தெரியாத மனிசன். நான் அந்தக் கடையில, ஆக்கள் பாக்கப் பாக்க அழுதன். அண்ணை ரிஷ்யூவை எடுத்து என்ரை பக்கம் தள்ளிவிட்டார், தான் ஒண்டை எடுத்து மூக்கைத் துடைச்சார். பிறகு பேனையைத் திறந்து டயறியில வைச்சுக்கொண்டு, என்னைப் பாக்காமல் சொன்னார்:

"கிழமையைச் சொல்லு."